சபா போன்ற கலை அமைப்புகளை நடத்துபவர்கள் புதிய நிர்வாகக் கருவிகளையும் முறைகளையும் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

சென்னையில் ஒரு நடுத்தர சபாவின் செயற்குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். கணக்கும் டிக்கெட்டும் என் பொறுப்பு. எனவே மார்கழி சீசன் எனும் வருடாந்திரக் கர்நாடக இசைக் கச்சேரித் தொடரை நடத்துகிறவர்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

சபாக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்தது வேறு. கையில் இருக்கும் வேலையைக் குறைக்கிற எதையும் எழுபது வயதுச் செயலாளர்கூடச் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார். யாருக்கு மேடை கொடுப்பது என்ற முடிவுக்குள் கைவைக்கிற எதையும் நாற்பது வயதுக்காரரும் தள்ளிப்போடுகிறார்.

டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் விற்பனை வந்தபோது எங்கள் குழுவில் இருந்த ஒரே கவலை சீசன் டிக்கெட்காரர்களைப் பற்றித்தான். வருடக்கணக்காக ஒரே நாற்காலியில் உட்காருகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய இடங்களை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் தளத்தில் திறந்தோம். அப்புறம் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கவுன்டரில் க்யூஆர் அட்டை வைத்ததற்கு விவாதமே நடக்கவில்லை. சில்லறைத் தொல்லை தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டார்கள். நன்கொடைப் பட்டியலும் அப்படித்தான். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் உள்ள அமைப்புகள் நன்கொடையாளர் விவரத்தைப் படிவம் 10பிடி-யில் வருமான வரித்துறைக்குத் தர வேண்டும் என்ற விதி 2021-22 நிதியாண்டிலிருந்து வந்தது. அதுவரை ரசீதுப் புத்தகங்களில் சிதறிக் கிடந்த பெயர்கள் பான் எண்ணோடு ஒரே கோப்பில் சேர்ந்தன. அந்தக் கோப்பு வந்த பிறகுதான், யார் இடையில் கொடுப்பதை நிறுத்தினார்கள் என்று பார்த்து அவர்களைக் கூப்பிட்டுப் பேச முடிந்தது.

2020-ஐயும் சொல்ல வேண்டும். அரங்கங்கள் மூடிக் கிடந்த அந்த டிசம்பரில் நகர சபாக்களின் கூட்டமைப்பு கலாகேந்திரா இணையதளத்தோடு சேர்ந்து ‘யுவர்ஸ் ட்ரூலி மார்கழி’ என்று சீசனையே இணையத்தில் நடத்தியது. மியூசிக் அகாடமியும் கச்சேரிகளை இணையத்தில் கொடுத்தது. சில மாதங்களுக்குள் நடந்த மாற்றம் இது. வேண்டும் என்று பட்டுவிட்டால் இவர்கள் எவ்வளவு வேகமாக நகர்வார்கள் என்பதற்கு இதுவே போதும்.

தள்ளிப்போடுகிற இடம், ஸ்லாட் ஒதுக்குவது, அதாவது யாருக்கு எந்த நேரம் என்று முடிவுசெய்வது. பன்னிரண்டு மணிக்கு யார், நாலு மணிக்கு யார், மாலைப் பிரதானக் கச்சேரி யாருக்கு என்பதெல்லாம் செயலாளரின் டைரியிலும் நினைவிலும் இருக்கிறது. எந்தப் பாடகருக்கு எந்த மிருதங்கம் ஒத்துவராது, யார் அதே நாளில் இன்னொரு சபாவிலிருந்து ஓடி வர வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். இது பெரிய அறிவு. இதை எந்த மென்பொருளும் ஒரே வருடத்தில் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு இளம் பாடகிக்கு ஏன் மூன்றாவது வருடமும் மாலை நேரம் தராமல் பன்னிரண்டு மணி என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. விண்ணப்பம் கூகுள் படிவத்தில் வருகிறது, முடிவு தொலைபேசியில் நடக்கிறது.

அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் 1970-களிலிருந்து பரவலாக, வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லித் தேர்வு நடத்தத் தொடங்கின. அதைப்போல மதிய ஸ்லாட்களுக்காவது ஒலிப்பதிவைப் பெயர் மறைத்து மூன்று பேர் கேட்கலாம் என்று குழுவில் சொன்னேன். “சரி, ஸ்பான்சர் சொல்கிற பெயரை என்ன செய்வது?” என்று கேட்டார்கள். உண்மையான தடை அதுதான். டிக்கெட் பணத்தில் சீசன் ஓடாது, ஸ்பான்சர் வேண்டும், ஸ்பான்சருக்கு விருப்பங்கள் இருக்கும். அதைப் பேசாமல் எந்த முறையைக் கொண்டுவந்தாலும் அது காகிதத்தில்தான் இருக்கும். ஆனாலும் பன்னிரண்டு மணிக்குப் பாட வருகிற இருபது வயதுப் பிள்ளைக்கு விதி என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

சில மறுப்புகள் நியாயமானவை. ஒவ்வொரு கச்சேரிக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, அதை வைத்து நிகழ்ச்சியைத் திட்டமிடலாம் என்று ஒரு ஆலோசகர் வந்தார். அவருடைய கணக்குப்படி முதலில் வெட்ட வேண்டியது மதியக் கச்சேரிகளை. இலவச அனுமதி, முன்வரிசையில் உறவினர்கள், பின்னால் கேண்டீனுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பவர்கள். ஆனால் நாளைய மாலைக் கச்சேரிக்காரர்கள் அங்கேதான் தயாராகிறார்கள். செயலாளர் மறுத்தார், நானும் அவர் பக்கம் நின்றேன். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற பொருளாதார அறிஞர்கள் 1960-களிலேயே எடுத்துக்காட்டிய சிக்கலும் இங்கே பொருந்தும்: நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்றும் நால்வர் வேண்டும், அதே நேரமும் வேண்டும். கச்சேரியின் நீண்ட பகுதியான ராகம் தானம் பல்லவியை எந்தக் கருவியும் சீக்கிரம் முடித்துத் தராது. திறன் கூட்டுகிற பேச்செல்லாம் மேடைக்கு வெளியேதான் செல்லுபடியாகும்.

தேவைக்கேற்ப விலையை ஏற்றி இறக்குகிற முறையும் அப்படித்தான் நின்றது. ஒரு கச்சேரி டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி வந்துவிடும். முன்பணம் கட்டிய சீசன் டிக்கெட்காரர், பக்கத்து நாற்காலி கடைசி நாளில் மலிவாகப் போனதைக் கேள்விப்பட்டால் அடுத்த வருடம் வர மாட்டார்.

நீங்கள் ஒரு சபாவுக்கு எதையாவது கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால், கார்த்திகையில் போகாதீர்கள். அப்போது யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. ஆடியிலும் தாமதம்தான், அதற்குள் பெரிய வித்வான்களின் தேதிகள் பேசி முடிந்திருக்கும். பங்குனி, சித்திரையில் போங்கள். முதலில் ரசீதையும் இருக்கை வரைபடத்தையும் சரிசெய்து கொடுங்கள். ஒரு சீசன் கவுன்டரில் உட்காருங்கள். ஸ்லாட் விதிகளை எழுதலாமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுங்கள். அப்போது கதவைச் சாத்த மாட்டார்கள், குறைந்தபட்சம் உட்கார்ந்து பேசுவார்கள்.