காபித் தோட்டம்: கேள்விகளும் அண்ணாச்சியின் பதில்களும்

குடகில் முப்பது வருடம் காபித் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்துவிட்டு அம்பாசமுத்திரம் திரும்பியவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடையத்துத் தம்பி: அண்ணாச்சி, தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் காபி வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. காபியில் அரபிகா, ரோபஸ்டா என்று இரண்டு முக்கிய வகை. அரபிகாவுக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் வேண்டும். ரோபஸ்டா கொஞ்சம் கீழே வரும். மார்ச், ஏப்ரலில் பூமழை, அதாவது செடியைப் பூக்க வைக்கும் மழை, விழ வேண்டும். விழுந்த பத்து நாளில் தோட்டமே பூத்து வெளுத்து, மல்லிகை மாதிரி மணக்கும். நமக்கோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். உங்கள் பக்கத்து எலுமிச்சையை விடாதீர்கள்.

பாளையங்கோட்டை மாணவி: காபியை நம்பி ஒரு நாடே இருக்க முடியுமா?

இருக்கிறது, தாயி. எத்தியோப்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காபிதான். விளைச்சலில் ஏறக்குறைய பாதியை அவர்களே குடித்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஒரே பயிரை நம்பினால் ஆபத்தும் உண்டு. 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனி கோடிக்கணக்கான செடிகளைக் கருக்கியது; உலகம் முழுக்க விலை ஏறியது.

வள்ளியூர் வாசகர்: ஆச்சியின் தாத்தா கண்டிக்குக் காப்பி பறிக்கப் போனாராம். அங்கே தேயிலைதானே?

ஆச்சி சொன்னது சரி. தேயிலைக்கு முன்னால் இலங்கை மலையெல்லாம் காபிதான். நெல்லை, மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துச் சனங்கள், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறியவர்களும் உண்டு. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். காபிக்கு அறுவடைக் காலம்தான் வேலை. அதனால் பலர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள்.

1869-இல் இலைத்துரு நோய் வந்தது. இலைக்கு அடியில் காவி நிறத்தில் தூள் படியும், இலை உதிரும், செடி காய்க்காது. காட்டை அழித்து மலை மலையாக ஒரே பயிர் வைத்திருந்ததால் நோய் தடையில்லாமல் பரவியது. 1884-இல் ஓரியண்டல் பேங்க் என்ற பிரிட்டிஷ் வங்கி கவிழ்ந்ததற்குத் தோட்டங்களுக்குக் கொடுத்த கடனும் ஒரு காரணம். அப்புறம்தான் தேயிலை பரவியது. அதற்கு வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள ஆள் வேண்டும். சனங்கள் குடும்பத்தோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள். அவர்கள் வம்சத்தில் பெரும்பாலோரின் குடியுரிமையை இலங்கையின் 1948 சட்டம் பறித்தது. ஆச்சிக்கு எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று நினைவிருந்தால் இப்போதே எழுதி வையுங்கள்.

சங்கரன்கோவில் காபிக்கடைக்காரர்: 2024-இல் தூள் விலை ஏன் இப்படி ஏறியது?

வியட்நாமில் வறட்சி. ரோபஸ்டாவில் அவர்கள்தான் முதலிடம். பிரேசிலிலும் மழை பொய்த்தது. நம் நாட்டுக் காபியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. லண்டன் சந்தையில் ரோபஸ்டா விலை ஏறினால் குடகிலும் ஏறும். உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நம் நாட்டில் காபி போடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். கொட்டைக்கு விலையே இல்லாமல் மிளகை விற்றுப் பறிப்புக் கூலி கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2024-இல் விலை ஏறியபோது அவர்களில் சிலர் பழைய கடனை அடைத்தார்கள்.