கேட்டீங்க, சொல்றோம்: மாப்ள ராத்திரில எங்க போறார்?

கேள்வி: என் பொண்ணு அயர்லாந்துல டோனிகால் பக்கம் நர்ஸா இருக்கா. மாப்ள வாரத்துல ரெண்டு ராத்திரி ஏதோ சர்ச் ஹாலுக்கு பேட்மிண்டன் ஆடப் போறாராம், ஆடி முடிச்சு டீ, சாண்ட்விச் எல்லாம் சாப்ட்டு பதினொரு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றார். ஆடு மேய்க்கிற ஊர்ல இந்த ஆட்டம் எப்படிங்க வந்துச்சு? (எஸ்.கே., கும்பகோணம்)

முதல்ல மாப்ளைய சந்தேகப்படாதீங்கம்மா, அந்த டீயும் சாண்ட்விச்சும் ஆட்டத்துலயே சேர்த்திதான். எதிர் டீம் இருபது முப்பது மைல் வண்டி ஓட்டிட்டு வந்திருப்பாங்க, அவங்களுக்கு வயித்துக்குப் போடாம அனுப்பினா அந்த கிளப் பேரு நாறிடும்.

ஆட்டம் போனது நம்ம பக்கத்துலேர்ந்துதான்னு சொல்லலாம், 1870கள்ல பூனாவுல பிரிட்டிஷ் ஆபீசருங்க ரூல்ஸ் எழுதி வெச்சு ஆடினாங்க, ஊருக்குத் திரும்பினவங்க மூட்டையோட இதையும் கட்டி எடுத்துட்டுப் போனாங்க. அயர்லாந்துல 1899லயே தேசிய சங்கம் வந்துடுச்சு, 1902ல ஐரிஷ் ஓப்பன், 1903ல டப்ளின்ல இங்கிலாந்தோட மேட்ச், உலகத்துல நடந்த முதல் சர்வதேச மேட்ச்சே அதுதான். ஆனா அதெல்லாம் பங்களாக்காரங்க ஆட்டம். கிராமத்துக்குள்ள வந்தது ஹால் வழியா.

ஹால்னா நம்மூர் கல்யாண மண்டபம் மாதிரி நினைச்சுக்காதீங்க. ஒரு பக்கம் சின்ன மேடை, தகரமோ ஓடோ போட்ட கூரை, குறுக்க உத்தரம், மூலையில ஒரு கரி அடுப்பு, பக்கச் சுவருக்கும் கோர்ட் கோட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சு நிக்கிற இடம். கோர்ட் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1, அதுக்கு மேல இடம் இருந்தா அதிர்ஷ்டம். முதல்ல புராட்டஸ்டண்ட் சர்ச் ஹால்ல ஆடினாங்க, அப்புறம் கத்தோலிக்க பாரிஷ் ஹால்கள் வந்தப்போ அங்கயும் நெட் கட்டிட்டாங்க. 1935ல லைசென்ஸ் இல்லாம டான்ஸ் நடத்தக் கூடாதுன்னு ஒரு சட்டம் வந்துச்சு, வீட்டுல கூடி டான்ஸ் ஆடினதெல்லாம் மெல்ல பாதிரியார் கண்ணு முன்னாடி ஹாலுக்கு வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை டான்ஸுக்கு கால் வழுக்கிட்டுப் போகணும்னு தரையில பவுடர் தூவுவாங்க, திங்கட்கிழமை ராக்கெட்டோட வர்றவன் பாடு என்னன்னு நீங்களே யோசிங்க. கிராமங்களுக்கு கரண்ட் கம்பம் நட ஆரம்பிச்சதே 1946லதான், அதுக்கு முன்னாடி பெட்ரோமாக்ஸ் மாதிரி எண்ணெய் விளக்கு வெளிச்சத்துல ஆடினவங்களும் உண்டு.

சீசன் பனிக்காலம் மட்டும்தான், இலையுதிர் காலத்துல நெட் கட்டினா ஏப்ரல் வாக்குல அவுத்துடுவாங்க. வெயில் காலத்துல புல்லு அறுக்கணும், சாயங்காலம் பத்து மணி வரைக்கும் வெளிச்சம், யாரு உள்ள வந்து அடைஞ்சு கிடப்பா? டிசம்பர்ல நாலரைக்கே இருட்டிடும், அட்லாண்டிக் மழை வேற, அப்ப ஊர்ல போறதுக்குன்னு இருக்கிறது ஒண்ணு பப், இல்ல ஹால். அதுலயும் மிக்ஸ்டு டபுள்ஸ்னு ஒண்ணு இருக்கே, பாதிரியாருக்கே ஆட்சேபணை இல்லாம வயசுப் பையனும் பொண்ணும் நெட்டுக்கு ஒரே பக்கம் நிக்கலாம். கிளப்பு பெருகினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

கேள்வி: அங்க இங்கிலீஷ்காரன் ஆட்டம்னாலே ஆகாதாமே, கேலிக் சங்கம் தடையே போட்டிருந்துச்சுன்னு படிச்சேன். பேட்மிண்டன் மட்டும் எப்படித் தப்பிச்சுது? (ரா.மு., விருதுநகர்)

நீங்க படிச்சது சரிதான். 1884ல தொடங்கின கேலிக் அத்லெடிக் அசோசியேஷன், அதாவது ஐரிஷ்காரங்க சொந்த ஆட்டங்களை வளக்கிற சங்கம், அவங்க மெம்பருங்க அந்நிய ஆட்டம் ஆடவும் கூடாது, போய்ப் பாக்கவும் கூடாதுன்னு ரொம்ப வருஷம் வெச்சிருந்தாங்க, 1971லதான் எடுத்தாங்க. 1938ல நாட்டோட ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் ஒரு ஃபுட்பால் மேட்ச் பாக்கப் போனாருன்னு அவரையே புரவலர் பதவியிலேர்ந்து தூக்கிட்டாங்க, ஐரிஷ் மொழிக்காகவே வாழ்ந்த மனுஷன் அவர், கொடுமைய பாருங்க. ஆனா அந்த லிஸ்ட்ல இருந்தது ஃபுட்பால், ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட், இந்த நாலுதான். பேட்மிண்டனும் பூனாவுலேர்ந்து வந்த அதே துரைமார் ஆட்டம்தானே, யாரும் கண்டுக்கல. அதனால ஞாயித்துக்கிழமை கேலிக் ஃபுட்பால்னு அவங்க சொந்த ஆட்டம் ஆடினவன் புதன்கிழமை ராத்திரி ராக்கெட்டோட வரலாம், ஒரு பிரச்னையும் இல்ல. கத்தோலிக்கன், புராட்டஸ்டண்ட் ரெண்டு பேரும் ஒருத்தர் ஹாலுக்கு ஒருத்தர் போய் ஆடி, அங்கயே டீயும் குடிச்சிட்டு வர்றது அந்தக் காலத்துல சாதாரண விஷயம் இல்லீங்க.

கேள்வி: இப்படி ஹால்ல ஆடினவங்க யாராச்சும் பெரிய ஆளா வந்தாங்களா? (ஜெ.பி., ஈரோடு)

டோனிகால்லயே இருக்காங்க. ரஃபோன்னு ஒரு குட்டி ஊரு, ஆயிரத்துச் சொச்சம் ஜனம், மாவட்டத்துல ரயிலே கிடையாது. அங்க மகீன்னு ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பொண்ணு க்ளோயி மகீ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல ஜெயிச்சா, ஒலிம்பிக் பேட்மிண்டன்ல ஒரு மேட்ச் ஜெயிச்ச முதல் ஐரிஷ் பொண்ணு அவதான். 2012, 2016னு அடுத்த ரெண்டு ஒலிம்பிக்லயும் ஆடினா. 2017ல தம்பி சாமோட சேர்ந்து ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல மிக்ஸ்டு டபுள்ஸ் வெண்கலம். அண்ணன் டேன் கோச்சா இருந்தவர். ஒரே வீடு!

டப்ளின்காரங்கள சொல்லணும்னா ஃப்ராங்க் டெவ்லின், 1925லேர்ந்து 1931க்குள்ள ஆல் இங்கிலாந்துங்கிற பெரிய போட்டியில சிங்கிள்ஸ் ஆறு தடவ ஜெயிச்சவர். அவர் பொண்ணு ஜூடி அதையே பத்து தடவ ஜெயிச்சா, ஆனா அவ வளந்தது அமெரிக்காவுல. ஜூடியோட அக்கா சூ கல்யாணம் பண்ணி அப்பாவோட அயர்லாந்துக்கே வந்து அயர்லாந்துக்காக ஆடினாங்க.

கேள்வி: கூரை அவ்ளோ தாழ்வா இருந்தா ஷட்டில் உத்தரத்துல இடிக்காதா? பாயிண்ட் யாருக்கு? (வி.என்., நாகர்கோவில்)

இடிக்கும். ரூல் புக்படி கூரையில பட்டா ஃபால்ட், பாயிண்ட் எதிராளிக்கு. ஆனா கட்டடம் அப்படி இருந்தா உள்ளூர் சங்கமே தனி விதி வெச்சுக்கலாம்னும் அதே புக்ல போட்டிருக்கு. அதனால ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வீட்டு டீம் கேப்டன் அண்ணாந்து பாத்து இந்த உத்தரத்துல பட்டா மறுபடி ஆடலாம், அந்தக் கம்பியில பட்டா ஃபால்ட்னு காட்டுவாரு. இப்படி ஹால்ல பழகினவன் ஷட்டில தூக்கவே மாட்டான், நெட்டுக்கு ஒட்டி மட்டமா, வேகமா அடிச்சுட்டே இருப்பான். பெரிய ஸ்டேடியத்துலேர்ந்து வர்றவன் முதல் அஞ்சு பாயிண்டையும் கூரைக்கே தட்சணை வெச்சுட்டு நிப்பான். எஸ்.கே. அம்மா, உங்க மாப்ள ஊருக்கு வர்றப்போ அவர் மட்டமா அடிக்கிறாரா, தூக்கி அடிக்கிறாரான்னு பாருங்க. மட்டமா அடிச்சா நிஜமாவே ஹாலுக்குத்தான் போறார்.