அலுவலகத்தில் கேமராவும் உங்கள் பொறுப்பா? கேள்வி பதில்

நான் புகைப்படக்காரனாக வேலைக்குச் சேர்ந்தவன் இல்லை. கிடங்குக் கணக்கு பார்க்கத்தான் சேர்ந்தேன். ஒரு விழாவன்று "நீ நல்லா எடுப்பியே" என்று சொல்லிக் கேமராவைக் கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் 14 வருடம் அந்த நிறுவனத்தின் விழா, இயந்திரம், அடையாள அட்டை என்று எல்லாப் படமும் நான்தான் எடுத்தேன். இதே நிலையில் இருக்கும் சிலர் கேட்டவை இவை.

கணக்குப் பிரிவில் இருக்கிறேன் சார். கம்பெனி நிகழ்ச்சிகளை என் சொந்தக் கேமராவில் எடுத்தேன். படங்கள் யாருக்குச் சொந்தம்?

கேமரா யாருடையது என்பதை வைத்து இது முடிவாவதில்லை. வேலையின் பகுதியாக எடுத்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, ஊழியர் தன் வேலையின் போக்கில் உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் நிறுவனம்தான், வேறு உடன்பாடு இல்லாவிட்டால். பிரிட்டனின் 1988 சட்டமும் அமெரிக்காவின் 1976 சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. ஜெர்மனியிலோ பதிப்புரிமை படம் எடுத்தவரிடமே இருக்கும். நிறுவனத்துக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை.

உங்கள் வேலை கணக்கு பார்ப்பது. நீங்களாக விருப்பப்பட்டு விடுமுறை நாளில் எடுத்த படம் என்றால் உங்கள் பக்கம் பேச இடமிருக்கிறது. மேலாளர் சொல்லி, அலுவலக நேரத்தில் எடுத்திருந்தால் அந்த இடம் சுருங்கிவிடும். "வேறு உடன்பாடு இல்லாவிட்டால்" என்ற வார்த்தைகளைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாவது வருடத்தில்தான் விழித்துக்கொண்டேன். மேலாளருக்கு நாலு வரி மின்னஞ்சல் அனுப்பினேன்: படங்களை நிறுவனம் தன் தேவைக்கு எப்போதும் பயன்படுத்தலாம், வெளியாருக்கு விற்பதென்றால் என்னிடம் கேட்க வேண்டும், அச்சில் வந்தால் என் பெயர் போட வேண்டும், என் படத்தொகுப்பில் நான் காட்டிக்கொள்ளலாம். "சரி" என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தை போதும். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள். "சும்மா நாலு படம்தானே" என்கிறார்கள். எப்படிப் பேசுவது அண்ணா?

தம்பி, அவர்கள் பார்ப்பது விழா நடக்கும் இரண்டு மணி நேரத்தை மட்டும்தான். வீட்டில் உட்கார்ந்து 400 படத்தில் 40 பொறுக்கி, வெளிச்சம் சரிசெய்து, பெயரிட்டு அனுப்புவதை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இரண்டு மணி நேர விழாவுக்குப் பின்வேலை நாலு மணி நேரம் பிடித்தது. ஒரு நோட்டில் மூன்று மாதம் தேதியும் மணிக்கணக்கும் எழுதிவை. பிறகு அதைக் காட்டி, மாற்று விடுப்போ கூடுதல் நேரச் சம்பளமோ கேள். பணிவிவரத்தில் ஒரு வரி சேர்க்கவும் சொல். வருடாந்திர மதிப்பீட்டில் அந்த வரி இருந்தால்தான் இந்த உழைப்பு கணக்கில் வரும்.

அரங்கில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. கேமரா பழுதா?

பழுது இல்லை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால் அந்த மங்கல் பட்டையாக விழுகிறது. திரை திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் 1/60 அல்லது 1/125. சில எல்இடி விளக்குகள் இதற்கும் அடங்காது. விழாவுக்கு முன்பே போய் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள்.

தன்னைப் படம் எடுக்க வேண்டாம் என்கிறார் ஒருவர். மேலிடமோ எல்லாரும் இருக்க வேண்டும் என்கிறது.

எடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எங்களிடம் ஒரு பெண் குழுப்படத்துக்கு வரமாட்டேன் என்றார். நான் அவரைச் சிரித்துப் பேசி நிற்கவைத்தேன். படம் இணையத்தில் போன பிறகுதான், தன்னைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து அவர் ஒதுங்கி வாழ்கிறார் என்று தெரிந்தது. அன்றே படத்தை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லிவிட்டேன், ஆனாலும் அவர் முகத்தில் பார்த்த பயத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, அடையாளம் தெரியும் முகம் தனிநபர் தரவு. சம்பளம் கொடுப்பவர் கேட்டு ஊழியர் தரும் சம்மதத்தை முழு மனச் சம்மதமாக எளிதில் ஏற்பதும் இல்லை. மேலிடத்திடம் "அவர் விரும்பவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் கேட்டுச் சொல்வது உங்கள் வேலை இல்லை.

நான் அனுப்பும் படம் அச்சில் மங்கலாக வருகிறது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருப்பீர்கள், அது சுருக்கிவிடும். அதிலேயே ஆவணமாக அனுப்பினால் அசல் அளவு அப்படியே போகும். ஏ4 முழுப்பக்கம் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக 2480 × 3508 பிக்சல் வேண்டும்.

வேலையை விடப்போகிறேன். பழைய படங்களை எடுத்துப் போகலாமா?

கேட்காமல் நகல் எடுக்காதீர்கள். கடைசி நாளுக்கு முன்பே, படத்தொகுப்புக்கு வேண்டிய படங்களின் பட்டியலைக் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விற்பனைக்கு வராத பொருள், பின்னணியில் கணினித் திரை, வாடிக்கையாளர் பெயர் தெரியும் படங்களைப் பட்டியலிலிருந்து நீங்களே நீக்கிவிடுங்கள். அப்புறம், எந்தக் கோப்புறையில் எந்த விழா இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, உங்களுக்கு அடுத்துக் கேமரா பிடிக்கப்போகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.