'விவசாயம்' என்று குறிச்சொல் போட்டுப் பயனில்லை

கேள்வி: ஆயிரம் விவசாயக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கணினியில் சேர்த்திருக்கிறேன். 'நெல்' என்று தேடினால் பாதிக்குப் பாதி வந்து விழுகிறது, வேண்டியது மட்டும் கண்ணில் படுவதில்லை. குறிச்சொற்களை நானே எழுத வேண்டுமா, கணினியே எடுத்துக் கொடுக்குமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கணினி எடுத்துக் கொடுக்கும், ஆனால் உங்கள் கை படாமல் முடியாது. எல்லாக் கட்டுரையிலும் வரும் சொல் எந்தக் கட்டுரையையும் அடையாளம் காட்டாது, அரிதாக வரும் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதை பிரிட்டிஷ் கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972லேயே எழுதிவிட்டார். இன்றும் தேடல் கருவிகள் பலவற்றுக்கு அதுதான் அடிப்படை. உங்கள் ஆயிரத்தில் 'நெல்' 500 கட்டுரைகளில் இருக்கிறது என்று வையுங்கள், 1000ஐ 500ஆல் வகுத்து மடக்கை (10ஐ அடியாகக் கொண்ட log) எடுத்தால் 0.3தான் வரும். நெற்பயிரைத் தாக்கும் 'குலைநோய்' 10 கட்டுரைகளில் மட்டும் இருந்தால் அதற்கு 2. இந்த எண்ணை, அந்தச் சொல் ஒரு கட்டுரையில் எத்தனை முறை வருகிறதோ அதால் பெருக்கினால் கிடைப்பதுதான் அதன் எடை. ஆக, ஒரு கட்டுரையில் நெல் பத்து முறை வந்தாலும் எடை 3, குலைநோய் மூன்றே முறை வந்தாலும் 6! அப்புறம் எடை கூடிய சொற்கள் எந்தெந்தக் கட்டுரைகளுக்குப் பொதுவாக இருக்கின்றனவோ அவற்றை ஒரே கட்டாகச் சேர்த்துவிடலாம்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தை மட்டும் பார்த்துத் தேடும் கருவியிடம் 'நெல்' என்று கொடுத்தால் நெல்லிக்காயும் திருநெல்வேலியும் வரும், நெற்பயிர் வராது. அதனால் நெல்லுக்கு, நெல்லில், நெற்பயிர் எல்லாவற்றையும் எண்ணுவதற்கு முன்பே 'நெல்' என்ற வேர்ச்சொல்லுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இதைச் செய்யாமல் போடும் கணக்கு எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

சரி, உங்கள் வேலை எங்கே? வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை மூன்றும் ஒன்றுதான் என்பது வெறும் எண்ணிக்கையில் தெரியாது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 'அக்ரோவாக்' என்ற சொற்பட்டியலை 1980களிலிருந்து வைத்திருப்பது இதற்காகத்தான்: ஒரு பொருளுக்குப் பல பெயர் இருந்தாலும் ஒன்றை முதன்மையாக வைத்து மற்றவற்றை அதோடு இணைத்துவிடுகிறார்கள். நீங்களும் அப்படி ஒரு பட்டியலைத் தனிக் கோப்பில் எழுதி வையுங்கள், கட்டுரைக்கு நான்கைந்து குறிச்சொல் போதும், 'விவசாயம்' வேண்டவே வேண்டாம். புதிதாக ஒரு சொல் போடத் தோன்றினால் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து, அதே பொருளுக்கு வேறு பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.