லெ மோர்ன் மலையும் புது கேமராவும்

அன்புள்ள ஐயா,

ஏழு வருஷமாக நிக்கான் டி7200 வைத்திருக்கிறேன். லென்ஸ் 18-140 ஒன்றுதான். அந்தியில் எடுத்த லெ மோர்ன் மலைப் படத்தை இணைத்திருக்கிறேன். பெரிதாக்கினால் நிழல் பகுதியெல்லாம் மணல் தூவினாற்போல் இருக்கிறது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா, நிக்கான் இசட்6 ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. இருக்கிற லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். சேமிப்பைப் போட்டு பாடியை மாற்றிவிடட்டுமா?

ச., மாஹேபூர், மொரீஷியஸ்

அன்புள்ள ச.,

இப்போது வேண்டாம். படத்தை முழு அளவில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். மலை நல்ல இடத்தில் நிற்கிறது, ஒளியும் அழகு. நீங்கள் சொல்லும் மணல் கரையோரச் சவுக்குகளின் அடியில் இருக்கிறது. படத்தோடு வந்த விவரத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 1600, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/20 வினாடி என்று இருக்கிறது. கையில் பிடித்தே எடுத்திருக்கிறீர்கள் போல. மலை விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிகிறது. பாடியை மாற்றினாலும் கை அசைந்தால் இதேதான் வரும்.

அதே கேமராவை டிரைபாடில் ஏற்றி, ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்குங்கள். ஷட்டர் 0.8 வினாடிக்குப் போகும், சென்சாருக்குப் பதினாறு மடங்கு வெளிச்சம் கிடைக்கும், மணல் அடங்கும். வெளிச்சம் ஒருமுறை இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்; இது நான்கு ஸ்டாப். ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் கிடைப்பது ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். லென்ஸில் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் விஆரை அணைத்துவிடுங்கள்; விரல் பட்டு ஆடாமலிருக்க டைமர் வையுங்கள். காற்றில் சவுக்குக் கிளை கலங்கத்தான் செய்யும். காற்று ஓயும்வரை பொறுத்திருந்து நாலைந்து எடுங்கள்.

அடாப்டர் விஷயத்தை யாரும் உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம். 18-140 உங்கள் டி7200-இல் இருப்பதுபோன்ற சின்ன சென்சாருக்கென்று செய்த லென்ஸ். இசட்6-இல் மாட்டினால் படத்தின் நடுப்பகுதி மட்டும்தான் பதிவாகும். 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது சுமார் 10. இப்போது உங்கள் கையிலிருக்கும் கேமராவே முழு 24 தருகிறது, 20 அங்குல அகலத்துக்குக் குறையில்லாமல் பிரிண்ட் போடலாம். ஆக, மாறுவதென்றால் லென்ஸுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நானும் மாறியவன்தான். பால்வீதிக்காக மாறினேன். ஜூன், ஜூலை இரவுகளில் அதன் நடுப்பகுதி நம் மொரீஷியஸில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கும். அங்கே ஷட்டரை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது, நட்சத்திரம் கோடாகிவிடும். அந்த ஒரு ஸ்டாப்பின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்கும் இரவு வானத்தில் ஆசை இருந்தால் அப்புறம் எழுதுங்கள், என் பதில் வேறாக இருக்கும்.

டிரைபாட் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். கடலோரம் போய் வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, விரித்து உலர்த்துங்கள். சுயாக் பக்கம் கிரி-கிரி கடற்கரையில் பவளத்திட்டின் தடுப்பு இல்லை. அலை நேராகக் கரும்பாறையில் அறைந்து உப்புத் தூறலாக எழும்பும். அங்கே ஆறேழு முறை போனதில் என் முதல் டிரைபாடின் பூட்டு வெள்ளை பூத்து இறுகி, திருகவே வரவில்லை. லென்ஸின் முகப்பையும் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், உப்புப் பரல் கீறிவிடும்.

அடுத்த மாதம் அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில் எடுத்து அனுப்புங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.