இணையச் சமவாய்ப்பு: அரசு விதியா, சந்தைப் போட்டியா? கேள்வி பதில்

அமெரிக்காவில் நெட் நியூட்ராலிட்டி (இணையச் சமவாய்ப்பு) விதிகளை 2025 ஜனவரி 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு, நெட்வொர்க் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் விதி வேண்டும் என்கிற பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நெட் நியூட்ராலிட்டி என்றால் எல்லோருக்கும் ஒரே வேகமா சார்?

இல்லை. 50 மெகாபிட் பிளானுக்கு ஒரு கட்டணம், 500 மெகாபிட்டுக்கு வேறு கட்டணம் என்று வாங்குவதில் தப்பே கிடையாது. நீங்கள் வாங்கிய வேகத்துக்குள் எந்தத் தளத்தைத் திறக்கிறீர்கள் என்று பார்த்து ஒன்றைத் தடுக்கக் கூடாது, ஒன்றை மட்டும் மெதுவாக்கக் கூடாது, காசு கொடுத்தவரை முன்னால் விடக் கூடாது. அவ்வளவுதான் கோரிக்கை.

கேள்வி: இப்படியெல்லாம் நிஜமாகவே யாராவது செய்திருக்கிறார்களா? இல்லை சும்மா பயமுறுத்தலா?

செய்திருக்கிறார்கள். வட கரோலினாவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம் வோனேஜின் இணையவழி அழைப்புகளைத் தடுத்தது. தன் தொலைபேசி வருமானத்துக்குப் போட்டியாக இருந்த சேவை அது. 2005-இல் 15,000 டாலர் கட்டி, இனி தடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தது.

காம்காஸ்ட் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் விவகாரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 2007-இல் பிட்டொரண்டில் (கணினிகள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பு பகிரும் முறை) கோப்பு பகிர்ந்தவர்களின் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. டேட்டா சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும், அந்தப் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால், இணைப்பை முறிக்கச் சொல்லும் ஆர்எஸ்டி பாக்கெட் இரு பக்கமும் வந்திருந்தது. ஆனால் இரண்டு கணினிகளும் அதை அனுப்பவே இல்லை. நடுவில் இருந்த காம்காஸ்டின் கருவி, எதிர்முனையின் முகவரியைப் போட்டு அனுப்பியிருக்கிறது. நெரிசலைச் சமாளித்தோம் என்றது நிறுவனம். வேறொருவர் பெயரில் பொய்ச் செய்தி அனுப்புவதை நெரிசல் மேலாண்மை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கேள்வி: கம்பி போட்டது கம்பெனி, முதலீடும் அவர்களுடையது. அதில் எதை எப்படி ஓட்டலாம் என்று அரசு ஏன் சொல்ல வேண்டும்? பிடிக்காதவர் வேறு கம்பெனிக்கு மாறட்டுமே.

"மாறட்டுமே" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நாலு நிறுவனங்கள் வாசலில் நின்றால் உங்கள் வாதத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. ஒருவர் ஒரு தளத்தை மெதுவாக்கினால் அடுத்த மாதமே வாடிக்கையாளர் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுவார்.

ஆனால் வீட்டுக்குள் நுழையும் கடைசி மைல் கம்பியில் கணக்கு வேறு. தெருவைத் தோண்டிக் குழாய் பதிக்கும் செலவு பெரிது, போட்டால் திரும்ப எடுக்க முடியாது. முதலில் வந்தவர் அந்தச் செலவைத் தேற்றியிருப்பார். இரண்டாமவர் வந்ததும் கட்டணத்தைச் சட்டென்று குறைப்பார். இது தெரிந்ததால் பல தெருக்களில் இரண்டாமவர் வருவதே இல்லை.

இதில் அரசின் பங்கும் உண்டு. கம்பங்களில் கேபிள் கட்டவும் தெருவைத் தோண்டவும் அனுமதி கேட்டால் இழுத்தடிப்பது, நகராட்சிகளே நெட்வொர்க் அமைப்பதற்குச் சில அமெரிக்க மாநிலங்கள் சட்டம் போட்டு முட்டுக்கட்டை வைப்பது என்று போட்டியை நெரிக்கும் வேலையும் நடக்கிறது. சந்தை ஆதரவாளர்கள் இதைச் சொல்லும்போது முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் பி.டி. என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தின் கம்பிகளைக் கவனிக்க 2006-இல் ஓப்பன்ரீச் என்ற தனிப்பிரிவு வந்தது. போட்டி நிறுவனங்களும் சம நிபந்தனையில் அதே கம்பியில் சேவை விற்கலாம். போட்டி வர அப்படி ஒரு வழி திறக்கட்டும், பிறகு விதிகளைத் தளர்த்துவது பற்றிப் பேசலாம். போட்டியும் இல்லாமல் விதியும் இல்லாமல் விட்டால் வாடிக்கையாளருக்குப் போக்கிடம் எங்கே?

கேள்வி: நெட்பிளிக்ஸும் யூடியூபும்தான் கம்பியை நிரப்புகின்றன. அவர்கள் பங்குக்குக் காசு கொடுத்தால் என்ன?

டேட்டாவை அவர்கள் உங்கள் வீட்டில் கொண்டுவந்து கொட்டவில்லை. நீங்கள் கேட்டீர்கள், அதற்கு நீங்களே மாதாமாதம் கட்டுகிறீர்கள். அவர்களும் தங்கள் பக்கத்து இணைப்புக்குச் செலவழிக்கிறார்கள். நெட்பிளிக்ஸ் தன் கேஷ் சர்வர்களை (படங்களின் நகலைப் பக்கத்திலேயே வைத்துத் தரும் கணினிகள்) இணைய நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது.

இன்னொன்று, வேகத்தைக் குறைக்காமலேயே நெருக்கடி கொடுக்க முடியும். 2013 கடைசியில் அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் படம் தேங்கித் தேங்கி ஓடியது. கோஜென்ட் போன்ற, நெட்வொர்க்குகளுக்கு நடுவே டேட்டா கொண்டுபோகும் நிறுவனங்கள் வழியாக காம்காஸ்டுக்குள் அது நுழையும் போர்ட் (இணைப்பு வாசல்) மாலை நேரத்தில் நிரம்பிவிடும். அதைப் பெரிதாக்கும் செலவு யாருடையது என்பதில் சண்டை. 2014 பிப்ரவரியில் நேரடி இணைப்புக்கு நெட்பிளிக்ஸ் காசு கொடுக்க ஒப்பந்தம் போட்டது, வேகம் ஏறியது. வீட்டுக்குப் போகும் கம்பி அதேதான்!

நெட்பிளிக்ஸால் கட்ட முடிந்தது. நேற்று ஆரம்பித்த சின்ன நிறுவனத்தால் முடியுமா? தென்கொரியாவில் நெட்வொர்க் கட்டணம் தாங்கவில்லை என்று சொல்லி ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளம் 2024 பிப்ரவரியில் சேவையை மூடியது. அதுவோ அமேசானுக்குச் சொந்தமான நிறுவனம்.

கேள்வி: 2017-இல் அமெரிக்கா விதியை எடுத்தது. இணையம் அழிந்துவிடவில்லையே அண்ணா?

அழியவில்லை. அன்று சிலர் அளவுக்கு மீறிப் பயமுறுத்தினார்கள், உண்மை. ஆனால் 2018-இலேயே கலிபோர்னியா தனிச்சட்டம் போட்டது, அது இன்றும் இருக்கிறது. எல்லோருடைய கண்ணும் நிறுவனங்கள் மேல்தான் இருந்தது. விதியே இல்லாத நிலையை அமெரிக்கா முழுசாகப் பார்த்தது என்று சொல்ல முடியாது.

கேள்வி: 2025 தீர்ப்பு என்னதான் சொல்கிறது?

பிராட்பேண்டைத் தொலைபேசி போலப் பொதுச் சேவையாக வகைப்படுத்தினால்தான் இந்த விதிகளைப் போடும் அதிகாரம் எஃப்.சி.சி. என்ற அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு வரும். 2015-இல் அப்படி வகைப்படுத்தினார்கள், 2017-இல் மாற்றினார்கள், 2024-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். சட்டத்தின்படி இது 'தகவல் சேவை', ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஆட்சி மாறும்போதெல்லாம் புரளும் விதியை நம்பி யாரும் தொழில் நடத்த முடியாது. நாடாளுமன்றமே தெளிவாக எழுத வேண்டிய சட்டம் இது.

கேள்வி: சில தளங்களை இலவசமாகக் கொடுத்தால் ஏழைகளுக்கு நல்லதுதானே?

இந்தியாவில் சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் வந்தபோதும் இதே வாதம்தான். எந்தத் தளம் என்று பார்த்து வேறு வேறு டேட்டா கட்டணம் வைக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று தடை போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்து, முழு இணையமே மலிவாகக் கிடைத்தது. விலையைக் குறைத்தது போட்டி. எந்தத் தளம் என்ற தேர்வை மக்கள் கையில் விட்டு வைத்தது விதி. இரண்டையும் எதிரிகளாகப் பார்ப்பதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

கேள்வி: என் நிறுவனம் ஒரு ஆப்பை மட்டும் மெதுவாக்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'வீஹீ' என்ற இலவச ஆப் இருக்கிறது. ஒரு வீடியோ சேவையின் டேட்டா போக்கை அப்படியே ஒரு தடவையும், உள்ளே என்ன என்று அடையாளம் தெரியாதபடி மாற்றி இன்னொரு தடவையும் ஓட்டும். இரண்டின் வேகத்திலும் பெரிய வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படலாம். ஒரே தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். காலையிலும் இரவிலும், வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.