எறும்பை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

அன்புள்ள அக்கா,

உங்கள் அரிசி வண்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, சின்னதைப் பெரிதாக எடுக்க, என் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸைக் கேமராவில் முன்பின்னாகத் திருப்பி மாட்டும் வளையம் ஒன்று வாங்கினேன். சமையலறை எறும்பை இருபது நாளாக எடுக்கிறேன், ஒரு படம்கூடத் தெளிவாக வரவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடு என்கிறார் நண்பர். செய்யலாமா?

பிரகாஷ், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

அன்புள்ள பிரகாஷ்,

வேண்டாம். குளிரில் மரத்துப்போன எறும்பு காலை மடக்கிச் சுருண்டு கிடக்கும். வெளியே எடுத்ததும் உடம்பெல்லாம் நீர் பூக்கும். செத்தும் போகலாம். பல மடங்கு பெரிதாக்கிய படத்தில் அந்தக் களை இழந்த முகம் அப்படியே தெரியும்.

ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கும் இதே பாடு பட்டிருக்கிறார். 1665ல் வெளிவந்த நூலுக்காக நுண்ணோக்கியில் எறும்பைப் பார்த்து வரைய, அதைப் பிராந்தியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டுவைத்தார். எடுத்துக் காலையெல்லாம் சரிப்படுத்தி வைத்தார். இன்னொரு மணி நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, திடீரென்று எழுந்து ஓடிவிட்டது! அவர் கையால் வரைய வேண்டியிருந்தது. நம்மிடம் ஃபிளாஷ் இருக்கிறது. குறைந்த அளவில் வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட எரியாது, ஓடும் எறும்பும் படத்தில் நின்றதுபோல் விழும்.

படம் கலங்குவதற்கு எறும்பு மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். 18ல் வைத்து எடுக்கிறீர்களோ? திருப்பி மாட்டினால் 18தான் மிகப் பெரிதாகக் காட்டும். தெளிவாக விழும் ஆழமோ மில்லிமீட்டரில் சிறு பங்கு, மூச்சு விட்டாலே போய்விடும். 55க்கு வாருங்கள். முழங்கையை மேடையில் ஊன்றி, உடம்போடு மெல்ல முன்னும் பின்னும் அசைந்து, கண் தெளிகிற நொடியில் அழுத்துங்கள். வெளிச்சம் மென்மையாக விழ, ஃபிளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பர் கட்டாயம். எறும்பை நிறுத்த ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் போதும், குடித்து முடிக்கும்வரை நகராது.

அதற்கு முன் அரிசி வண்டில் கை பழகுங்கள். சோனா மசூரியை முறத்தில் கொட்டும்போது கிடைக்கும். தொட்டால் காலை இழுத்துக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். மூன்று மில்லிமீட்டர் உடம்பு, நீண்ட மூக்கு, அதன் நுனியில் வாய். அதைக் கொண்டுதான் பெண் வண்டு அரிசியில் குழி தோண்டி, முட்டையிட்டு, பசையால் அடைக்கிறது. அந்த அடைப்பைப் படம்பிடிக்க இரண்டு வருடமாக முயல்கிறேன்.

அப்புறம், குளிர்தான் வேண்டும் என்றால் பெங்களூருவே தருகிறது. விடிவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போங்கள். துளசிப் பூவுக்கு வரும் நீலப்பட்டைத் தேனீக்களில் ஆண்கள், காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு தூங்கும். அல்சூரில் எங்கள் மாடியில் ஒரே குச்சியில் ஐந்தைப் பார்த்தேன். வெயில் பட்டு உடம்பு சூடேறியதும் ஒவ்வொன்றாகப் பறந்துவிடும். அதுவரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.